தங்கைக்கு இன்ஜினியரிங்: உதவித்தொகை, கல்விக்கடன் எல்லாம் எங்கிருந்து ஆரம்பிப்பது?

பனியன்_ஊர் | மே 14, இரவு 10.52

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 168 வருகிறது. ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஊர் சங்கரன்கோவில் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், நான் திருப்பூரில் கட்டிங் மாஸ்டர். தம்பி ஒருவன் பத்தாவது போகிறான். எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, அதனால் யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை.

நேற்று கன்சல்டன்சி என்று சொல்லி ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் "ஸ்காலர்ஷிப் சீட், பாதி ஃபீஸ்தான்" என்கிறார். 10,000 ரூபாய் முன்பணம், ஒரிஜினல் டிசி, மார்க் ஷீட் கொடுத்தால் இடத்தைப் பிடித்து வைப்பாராம். கவுன்சிலிங் போனால் நல்ல காலேஜ் கிடைக்காது என்று வேறு சொல்லி அப்பாவைப் பயமுறுத்திவிட்டார். அப்பா கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அரசாங்கத்தில் என்னென்ன உதவி இருக்கிறது, எதை முதலில் செய்ய வேண்டும், லோன் எப்போது கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாக்பீஸ் | மே 15, காலை 6.10

தம்பி, முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் போட்டு அந்த ஆளுக்கு எதையும் கொடுக்காமல் நிறுத்துங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அவர் "ஸ்காலர்ஷிப் சீட்" என்று சொல்வது நிர்வாக ஒதுக்கீட்டு இடமாகத்தான் இருக்கும். ஒரு பெரிய தொகையைக் கட்டணம் என்று போட்டு, அதில் பாதியைத் தள்ளுபடி செய்தது போல் காட்டுவார்கள். அந்தத் தள்ளுபடி நாலு வருடத்துக்குமா, முதல் வருடத்துக்கு மட்டுமா, அரியர் விழுந்தால் ரத்தா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள். பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அரசு தரும் உதவிகளில் முக்கியமானவை கவுன்சிலிங் வழியாக வாங்கிய அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குத்தான். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குத் தரும் முதல் பட்டதாரி சலுகை மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் கிடையாது. வங்கியில் லோன் கேட்டாலும் மேனேஜ்மென்ட் சீட் என்றதும் மேனேஜர் முகம் மாறும். சீட்டை எந்த வழியில் வாங்குகிறோம் என்பதிலேயே பணக் கணக்கில் பாதி முடிந்துவிடுகிறது. பெற்றோர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் சீட்டைப் பிடித்துவிட்டு, ஆகஸ்ட் மாதம் எங்களிடம் வந்து "சார், ஸ்காலர்ஷிப் ஏதாவது இருக்கா" என்று கேட்பார்கள்.

168 மோசமான கட்-ஆஃப் இல்லை. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எத்தனை மார்க்கில் முடிந்தது என்பது பொறியியல் சேர்க்கை இணையதளத்திலேயே கிடக்கிறது. கன்சல்டன்சிக்காரர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாய், எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி என்றால் 250. கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு மாவட்டம்தோறும் உதவி மையங்கள் உண்டு, அங்கேயே இலவசமாகப் பதிவு செய்து தருவார்கள்.

இப்போது எனக்கு மூன்று விவரம் வேண்டும். தங்கை ஆறாம் வகுப்பிலிருந்து எந்தெந்தப் பள்ளி? எந்தச் சமூகம்? அப்பாவின் ஆண்டு வருமானம் எவ்வளவு?

பனியன்_ஊர் | மே 15, காலை 8.35

அப்பாவிடம் பேசிவிட்டேன், சார். இப்போதைக்குக் கொடுக்க மாட்டார்.

6 முதல் 8 வரை ஊரில் அரசு உதவி பெறும் பள்ளி. 9 முதல் 12 வரை அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. முழுக்கத் தமிழ் வழி. எம்பிசி. அப்பாவுக்கு மாதம் 11, 12 ஆயிரம் வரும்.

கடைசி_பெஞ்ச் | மே 15, காலை 9.02

அடடா, அந்த மூணு வருஷம்தான் இடிக்குது. நான் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் கல்விக் கட்டணம், ஹாஸ்டல், கவுன்சிலிங் கட்டணம் எல்லாமே அரசு கட்டிவிடும். என் வீட்டிலிருந்து நான் வாங்குவது செலவுக்குப் பணம் மட்டும்தான்.

சாக்பீஸ் | மே 15, மதியம் 1.20

ஆமாம். மருத்துவத்துக்கு 2020இல் வந்த 7.5 சதவீதம், அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் வந்தது. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளி அதில் சேராது. கட்டாயக் கல்விச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பரவாயில்லை, தங்கைக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள புதுமைப் பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்துவிட்டார்கள். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்தது. இதற்குக் கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி மூலமாகவே பதிவு செய்வார்கள். இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான்: பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்பு முதல் படித்ததற்கான சான்று வாங்கி வைப்பது. இரண்டு பள்ளி என்பதால் இரண்டிலும் கேட்டு வாங்குங்கள். உதவி பெறும் பள்ளியில் வாங்கும் சான்றில் "தமிழ் வழி" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு வெளியே வாருங்கள்.

அடுத்தது முதல் பட்டதாரி. இதுதான் உங்கள் வீட்டுக்குப் பெரியது. தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குக் கட்டணக் குழு வைத்திருக்கும் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 50,000, தேசியத் தரச்சான்று பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. அதில் 25,000 ரூபாயை ஆண்டுதோறும் அரசு கட்டும். தாத்தா பாட்டியில் தொடங்கி அண்ணன் வரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது.

அப்புறம் பிசி, எம்பிசி, சீர்மரபினருக்கான கல்வி உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நீங்கள் இருக்கிறீர்கள். இதுவும் கல்லூரி வழியாகத்தான்.

ஏதாவது குழப்பம் என்றால் 14417, பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். இந்த சீசனில் லைன் கிடைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

ஈசேவை_அக்கா | மே 15, மாலை 7.45

சான்றிதழ் பற்றி நான் சொல்கிறேன், தினமும் இதே வேலைதான். மே கடைசியில் எங்கள் மையத்தில் நிற்க இடம் இருக்காது. நாளைக்கே போங்கள்.

முதலில் கேன் நம்பர், அதாவது இ-சேவையில் உங்களுக்கென்று தரும் பதிவு எண், எடுக்க வேண்டும். அதை ஒருமுறை எடுத்தால் போதும், எல்லாச் சான்றுக்கும் அதே நம்பர்தான். பிறகு வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். சாதிச் சான்று பள்ளியில் இருக்கும்போதே வாங்கியிருப்பீர்கள், பழைய கையெழுத்துச் சான்றாக இருந்தால் ஆன்லைன் சான்றாக மாற்றிக்கொள்ளுங்கள். இருப்பிடச் சான்று எடுக்க வேண்டுமா என்று தினமும் பத்துப் பேர் கேட்கிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் பொறியியல் கவுன்சிலிங்குக்கு அது தேவையில்லை. வீண் செலவு.

விண்ணப்பம் எங்கே மாட்டும் என்றும் சொல்கிறேன். ஆதாரில் அப்பா பெயர் முருகன், ரேஷன் கார்டில் முருகேசன், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எம். முருகன் என்று மூன்று விதமாக இருக்கும். நான் இங்கே பதிவு செய்து அனுப்பிவிடுவேன், விஏஓ பார்த்து, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, தாசில்தார் மேசையில் போய் "பெயர் முரண்பாடு" என்று திரும்பி வரும். அதற்குள் ஒரு வாரம் போயிருக்கும். அதனால் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். மாறியிருந்தால் எது சுலபமாகத் திருத்த முடியுமோ அதைத் திருத்துங்கள். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு, மற்ற இரண்டையும் மார்க் ஷீட்டுக்குத் தகுந்தபடி மாற்றுவதுதான் வழி.

முதல் பட்டதாரிக்கு ரேஷன் கார்டில் இருக்கும் எல்லோருடைய படிப்பு விவரமும் வேண்டும். தம்பி, நீங்கள் பிளஸ் டூவோடு நின்றிருந்தால் உங்கள் டிசி நகலையும் கொண்டு போங்கள். அனுப்பிய பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்காமல் விஏஓவைப் போய்ப் பாருங்கள். அவர் மேசையில் அன்றைக்கு இருநூறு மனு இருக்கும். ஆள் நேரில் நின்றால் அந்த மனு மேலே வரும், அவ்வளவுதான்.

பனியன்_ஊர் | மே 15, இரவு 11.15

அக்கா, ரொம்ப நன்றி. ரேஷன் கார்டில் அப்பா பெயர் நிஜமாகவே வேறு மாதிரிதான் இருக்கிறது!

ஒரு சந்தேகம். முதல் பட்டதாரி சலுகை தங்கச்சிக்கு வாங்கினால் தம்பிக்கும் பிறகு கிடைக்குமா?

ஈசேவை_அக்கா | மே 16, காலை 7.05

கிடைக்காது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். கவுன்சிலிங் விண்ணப்பத்தில் சான்றோடு ஒரு கூட்டு உறுதிமொழிப் படிவமும் கேட்பார்கள், அதில் இதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்.

சாக்பீஸ் | மே 16, காலை 7.40

தம்பி எந்தப் பள்ளி?

பனியன்_ஊர் | மே 16, காலை 7.52

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளிதான், சார். உதவி பெறும் பள்ளியில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை என்று அப்போது அப்பாவுக்கு வருத்தம்.

சாக்பீஸ் | மே 16, காலை 8.00

அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம். முதல் பட்டதாரியைத் தங்கைக்குப் பயன்படுத்துங்கள். தம்பி 7.5 சதவீதத்தில் முயற்சி செய்யலாம். பன்னிரண்டு முடியும்வரை அவனை எந்தக் காரணத்துக்காகவும் வேறு பள்ளிக்கு மாற்றாதீர்கள். "நாமக்கல்லில் சேர்த்தால் மார்க் வாங்குவான்" என்று இரண்டு வருடம் கழித்து இன்னொருவர் வீட்டுக்கு வருவார், பாருங்கள்.

கணக்கன்_2 | மே 16, காலை 10.30

எல்லாம் சரி. ஆனால் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன். எதற்கு இன்ஜினியரிங்? அரசுக் கலைக் கல்லூரியில் கல்விக் கட்டணமே கிடையாது. பி.எஸ்சி. எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்தால் மூன்று வருடத்தில் முடியும், புதுமைப் பெண் பணம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் போதும், ஒரு ரூபாய் கடன் இல்லை. பொறியியல் முடித்துவிட்டு லோன் கட்ட முடியாமல் டெலிவரி வேலை பார்க்கும் பையன்களை நான் தினமும் பார்க்கிறேன். கல்விக்கடன் என்பது 18 வயதுப் பிள்ளையின் கழுத்தில் மாட்டும் சுருக்கு.

கடைசி_பெஞ்ச் | மே 16, காலை 10.41

அண்ணா, அந்தப் பொண்ணு ஈசிஇ கேக்குது. நீங்க அதை விட்டுட்டு எல்லாத்தையும் பேசுறீங்க.

கணக்கன்_2 | மே 16, காலை 10.55

கேட்பதை எல்லாம் வாங்கித் தர முடியுமா என்பதுதானே இந்த இழையே.

வைகைக்கரை | மே 16, மாலை 4.20

கணக்கன் அண்ணா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. கலைக் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பம் போட்டு வைக்கட்டும், அதில் ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் பொறியியல் என்றாலே கடன் என்று நினைப்பது சரியில்லை. நான் எஸ்சி, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் பி.இ. முடித்து இப்போது மேற்படிப்பு. கல்விக் கட்டணத்துக்காக நான் கடன் வாங்கவில்லை.

ஆனால் எங்கள் காலத்தில் இருந்தது வேறு, இப்போது வேறு. புது மாணவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பு பணம் அரசிலிருந்து கல்லூரிக்குப் போய்விடும். இப்போது மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது, அங்கிருந்து நாம் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். கணக்கில் திடீரென்று பணம் வந்ததும் வட்டிக்கடையை அடைத்துவிட்டு, பிறகு கல்லூரி ஃபீஸ் கேட்கும்போது விழித்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று, ஆதார் சீடிங். கணக்கில் ஆதார் "லிங்க்" ஆகியிருப்பது வேறு, அரசுப் பணம் வந்து விழ அந்தக் கணக்கு ஆதாரோடு "சீட்" ஆகியிருப்பது வேறு. பாஸ்புக்கில் ஆதார் எண் அச்சாகியிருக்கிறது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வங்கியில் போய் "டிபிடி பணம் வர இந்தக் கணக்குக்கு என்பிசிஐ சீடிங் செய்யுங்கள்" என்று இதே வார்த்தையில் சொல்லிப் படிவம் கொடுங்கள். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால் கடைசியாக எங்கே சீடிங் செய்தோமோ அங்கேதான் பணம் போகும். என் வகுப்புத் தோழி ஒருத்தி உதவித்தொகை வரவேயில்லை என்று ஒரு செமஸ்டர் முழுக்க அலைந்தாள். பணம் அவள் ஒன்பதாம் வகுப்பில் திறந்த பழைய கணக்கில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

ஆவடி_அம்மா | மே 16, இரவு 9.10

இந்த இழையிலேயே நானும் கேட்கலாமா? எங்கள் கதை வேறு. மகள் சிபிஎஸ்இ தனியார் பள்ளி. கணவரின் வருமானம் ஆண்டுக்கு 6 லட்சம். அவரும் பட்டதாரி. அதனால் மேலே சொன்ன எதுவுமே எங்களுக்குப் பொருந்தாது. ஹாஸ்டல் சேர்த்து நாலு வருடத்துக்கு எட்டு லட்சம் ஆகும் போலிருக்கிறது. வீடு வாடகை, அடமானம் வைக்க ஒன்றுமில்லை. வங்கியில் லோன் தருவார்களா?

மேசை_எண்_4 | மே 17, காலை 6.30

அம்மா, தாராளமாகக் கேளுங்கள். நான் பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்.

கல்விக்கடனுக்கு இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டம் ஒன்று இருக்கிறது, பொதுத்துறை வங்கிகள் அதைத்தான் பின்பற்றுகின்றன. 4 லட்சம் வரை உங்கள் பங்காக ஒரு பைசா போட வேண்டாம். அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்பு என்றால் 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது, ஏனென்றால் அந்தக் கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. தாயோ தந்தையோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். கல்விக் கட்டணம் மட்டுமல்ல, ஹாஸ்டல், மெஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப் எல்லாம் இதில் அடங்கும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது, அதன் பிறகு 15 ஆண்டுகள் வரை கட்டலாம்.

உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பிஎம் வித்யாலட்சுமி கடன் திட்டம். தரவரிசையை வைத்துத் தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். அந்தப் பட்டியலில் மகளின் கல்லூரி இருந்தால் பிணையும் வேண்டாம், ஜாமீன்தாரரும் வேண்டாம். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு, படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் 3 சதவீத வட்டியை அரசு ஏற்கும். ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான், வேறு அரசு உதவித்தொகையோ வட்டி மானியமோ வாங்கக் கூடாது. கல்லூரியை முடிவு செய்வதற்கு முன்பே பட்டியலைப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பிறகு வருத்தப்படுபவர்கள் நிறைய.

வரி கட்டுபவராக இருந்தால், உங்கள் கணவர் கடனுக்குக் கட்டும் வட்டியை வருமான வரிக் கணக்கில் எட்டு ஆண்டுகள் வரை கழித்துக்கொள்ளலாம். பழைய வரி முறையில் இருந்தால்தான்.

கணக்கன்_2 அவர்களுக்கு: சுருக்கு என்றீர்கள். சில வீட்டில் அது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த வீடுகளில் பலவற்றில் நடந்தது வட்டியைப் புரிந்துகொள்ளாமல் கடன் வாங்கியதுதான். கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நாலு வருடம் வாங்குகிறீர்கள், வட்டி 9.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் தனிவட்டிதான். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி 47,500. இரண்டாவதுக்கு 38,000. மூன்றாவதுக்கு 28,500. கடைசி லட்சத்துக்கு 19,000. மொத்தம் 1,33,000. வேலை கிடைத்து முதல் தவணை கட்டும் நாளில் கடன் நாலு லட்சமாக இருக்காது, 5,33,000 ஆக இருக்கும். வீட்டில் இது தெரியாமல் "நாலு லட்சம்தானே வாங்கினோம்" என்று வங்கியில் வந்து சண்டை போடுவார்கள்.

இப்போது பனியன் ஊர் தம்பிக்கு. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழிற்கல்வி படித்து, கல்லூரிக்கு நாக் அல்லது படிப்புக்கு என்பிஏ தரச்சான்று இருந்தால், அந்த 1,33,000 முழுவதையும் மத்திய அரசே கட்டும். இதற்கு மத்திய வட்டி மானியத் திட்டம் என்று பெயர். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது நாக், என்பிஏ பாருங்கள். அது வெறும் பெருமைக்கான பலகை இல்லை, உங்களுக்கு ஒரு லட்ச ரூபாய் விஷயம். கடன் அனுமதியானதும் "வட்டி மானியத்துக்கு என் பெயர் போய்விட்டதா" என்று கிளையில் கேளுங்கள். ஒவ்வொரு ஆண்டும் கேளுங்கள்.

கணக்கன்_2 | மே 17, காலை 9.15

இந்தக் கணக்கை எந்த வங்கியில் உட்கார வைத்துச் சொல்கிறார்கள், ஐயா? அதுதான் என் கோபம். மற்றபடி வட்டி மானியம் இருக்கும் வீட்டுக்கு என் வாதம் செல்லாது, ஒத்துக்கொள்கிறேன்.

கடைசி_பெஞ்ச் | மே 17, மதியம் 12.30

நான் கல்லூரிக்குள்ளே இருப்பவன், ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். கல்விக் கட்டணம் 55,000 என்பதை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள். என் வகுப்பில் அரசு ஒதுக்கீட்டில் வந்த பையனின் முதல் வருட ரசீதுகளைப் பார்த்தேன். டியூஷன் ஒரு ரசீது. பஸ் தனி. "பிளேஸ்மென்ட் டிரெயினிங்" தனி. யூனிஃபார்ம், லேப் கோட், நோட்டுப் புத்தகம் என்று ஒரு செட். "அசோசியேஷன்" என்று ஒன்று, அது என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மொத்தமாகப் பார்த்தால் டியூஷனை விட மற்றதுதான் அதிகம்.

அதனால் கவுன்சிலிங்கில் கல்லூரி சாய்ஸ் போடுவதற்கு முன் அந்தக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் யாரையாவது பிடித்து, போன வருடம் மொத்தமாக எவ்வளவு கட்டினாய் என்று கேளுங்கள். ஆபீஸில் கேட்டால் சரியான பதில் வராது. லோன் போடும்போதும் எல்லாத் தலைப்பும் அடங்கிய கட்டண விவரக் கடிதம் கல்லூரி லெட்டர்பேடில் வேண்டும். அதில் இல்லாததற்கு வங்கி பணம் தராது.

வைகைக்கரை | மே 17, மதியம் 1.05

தங்கைக்கு இன்னொன்று: ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுமம்) தரும் பிரகதி உதவித்தொகை. பொறியியல், பாலிடெக்னிக் முதலாண்டு மாணவிகளுக்கு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை, ஆண்டுக்கு 50,000. ஆவடி அம்மாவும் இதைப் பாருங்கள், 6 லட்சம் என்பதால் உங்கள் மகளுக்கும் பொருந்தும். ஆனால் கிடைத்தால் வித்யாலட்சுமி வட்டிச் சலுகை போய்விடும், எது லாபம் என்று கணக்குப் போடுங்கள். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு சக்ஷம் என்று இதே போல் ஒன்று உண்டு. பிளஸ் டூவில் முதல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கு மத்திய அரசின் இன்னொரு உதவித்தொகை ஆண்டுக்கு 12,000, அதற்கு வருமான வரம்பு 4.5 லட்சம்.

இவை எல்லாமே தேசிய உதவித்தொகைத் தளத்தில். முதலில் ஓடிஆர் என்ற ஒருமுறைப் பதிவு, அதில் முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் செயலி ஒன்று வரும், நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்யுங்கள். ஒன்று வாங்கினால் இன்னொன்று வாங்க முடியாது என்ற நிபந்தனை பலவற்றில் உண்டு, அதனால் பெரிய தொகையைப் பார்த்துப் போடுங்கள்.

"சப்மிட்" கொடுத்ததோடு வேலை முடிந்துவிடாது. அது கல்லூரியில் இருக்கும் பொறுப்பு அலுவலரின் திரைக்குப் போகும். அவர் சரிபார்த்து மேலே அனுப்பினால்தான் உயிர். கடைசித் தேதி முடியும்வரை அவர் திறந்தே பார்க்காத விண்ணப்பங்கள் உண்டு. அச்செடுத்து, சான்றுகளோடு அவர் கையில் கொடுத்து, ஸ்டேட்டஸ் மாறும்வரை விடாதீர்கள். புதிதாகச் சேர்ந்த மாணவிக்குக் கூச்சமாக இருக்கும். கூச்சப்பட்டால் 50,000 போச்சு.

ஆவடி_அம்மா | மே 17, இரவு 8.40

பிரகதி பற்றி இன்றுதான் கேள்விப்படுகிறேன். நமக்கு எதுவும் இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நன்றி, தம்பி.

வைகைக்கரை | மே 17, இரவு 8.58

தம்பி இல்லை, தங்கை, அம்மா :)

பனியன்_ஊர் | ஆகஸ்ட் 9, இரவு 10.05

எல்லோருக்கும் ஒரு தகவல். இரண்டாம் சுற்றில் தங்கச்சிக்கு ஈசிஇ கிடைத்துவிட்டது. திருநெல்வேலி பக்கம், என்பிஏ இருக்கிற கல்லூரி. முதல் பட்டதாரி சலுகை அலாட்மென்ட் ஆர்டரிலேயே வந்திருக்கிறது. ரேஷன் கார்டில் அப்பா பெயரைத் திருத்தியதால் சான்று ஒரே தடவையில் வந்தது, ஈசேவை அக்காவுக்குத் தனி நன்றி. கன்சல்டன்சிக்காரர் இன்னும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் லோன் போடலாம் என்று ஊரில் ஒரு வங்கிக்குப் போனோம். "கல்லூரி இருக்கும் ஊரில் போய்க் கேளுங்கள்" என்றார்கள். அங்கே போனால் "உங்கள் வீடு எங்கள் ஏரியா இல்லை" என்கிறார்கள். அப்பா சோர்ந்துவிட்டார். சார், என்ன செய்வது?

மேசை_எண்_4 | ஆகஸ்ட் 10, காலை 5.50

வாயால் சொல்லும் மறுப்பை மறுப்பாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள், தம்பி. ஏரியா இல்லை என்ற காரணம் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. மறுப்பதாக இருந்தாலும் கிளை மேலாளர் தானாக மறுக்க முடியாது, அவருக்கு மேலே உள்ள அதிகாரி ஒப்புக்கொள்ள வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

நீங்கள் இனிமேல் கவுன்டரில் நிற்காதீர்கள். கல்விக்கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே பொது விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யுங்கள். அப்பாவுக்குக் கணக்கு இருக்கும் கிளையை முதலில் தேர்ந்தெடுங்கள். அங்கே பதிவாகிவிட்டால் அந்த விண்ணப்பத்துக்கு எண் உண்டு, தேதி உண்டு, மேலாளர் அதை மூடுவதற்கு ஒரு காரணம் எழுதியாக வேண்டும். அலாட்மென்ட் ஆர்டர், கட்டண விவரக் கடிதம், பத்து, பன்னிரண்டு மார்க் ஷீட், வருமானச் சான்று, அப்பா, தங்கை இருவரின் ஆதார், பான். தங்கைக்கு பான் இல்லையென்றால் ஆதார் வைத்து உடனே எடுத்துவிடலாம், காசு கிடையாது.

இரண்டு வாரத்தில் அசைவு இல்லையென்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு விண்ணப்ப எண்ணைப் போட்டு ஒரு பக்கக் கடிதம். எங்கள் காலத்தில் அந்தக் கடிதம் வந்தால் ஃபைல் தானாக நடக்கும். நாலு வருடத் தேவையையும் சேர்த்து இப்போதே கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புதுக் கடன் போட முடியாது. அனுமதித்ததில் வேண்டியதை மட்டும் எடுத்தால் போதும், எடுத்ததற்குத்தான் வட்டி.

அதுவரை ஹாஸ்டலுக்கு எதையாவது கட்ட வேண்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்த ரசீதைக் காட்டினால் வங்கி உங்கள் கணக்கில் திருப்பித் தர வழி இருக்கிறது. மற்றபடி பணம் கல்லூரிக் கணக்குக்குத்தான் நேராகப் போகும்.

சாக்பீஸ் | ஆகஸ்ட் 10, காலை 6.45

வாழ்த்துகள். கல்லூரியில் சேர்க்கைக்காக ஒரிஜினல் வாங்கினால் சரிபார்த்த உடனே திருப்பிக் கேளுங்கள். ஒரிஜினலைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. புதுமைப் பெண்ணுக்குப் பதிவு எப்போது என்று முதல் வாரமே விசாரிக்கச் சொல்லுங்கள்.

பனியன்_ஊர் | ஆகஸ்ட் 10, காலை 9.20

இன்று ஞாயிறு, நான் ஊரில்தான் இருக்கிறேன். தங்கச்சியை உட்கார வைத்து அவளையே விண்ணப்பம் போடச் சொல்லியிருக்கிறேன் சார். பான் போட்டாச்சு.

ஈசேவை_அக்கா | ஆகஸ்ட் 10, காலை 9.48

நல்லது தம்பி. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். அடுத்த வருடம் உதவித்தொகையைப் புதுப்பிக்கும்போது புதுச் சான்று கேட்பார்கள். ஏப்ரல் மாதமே வந்து எடுத்துவிடுங்கள், அப்போது கூட்டம் இருக்காது.